கீழ்வீட்டு மேஜையில் வேதம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் வேதப் புத்தகம் மாடி வீட்டுத் தரையை உடைத்துக்கொண்டு கீழ்வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் விழுந்தது ஒரு புதன்கிழமை மதியம். ஓட்டை புத்தகத்தின் நீள அகலத்துக்குச் சரியாக இருந்தது. ரம்பம் வைத்து அறுத்தெடுத்ததுபோல் ஓரங்கள் நேராக இருந்தன. கீழ்வீட்டில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அந்த நேரம் உப்பு எடுக்க அடுப்படிக்குப் போயிருந்ததால் தட்டுக்கு மட்டும்தான் சேதம். மேஜை ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட இரும்பு மேஜை. கால்கள் தரைக்குள் ஒரு விரற்கடை இறங்கினவே தவிர வளையவில்லை. மர மேஜையாக இருந்திருந்தால் புத்தகம் அஸ்திவாரம்வரை போயிருக்கும் என்று பிறகு வந்து பார்த்த கட்டட என்ஜினீயர் சொன்னார். அந்தப் புத்தகத்துக்கு எடை கூடிக்கொண்டே போவது எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சத்தம் கேட்டவர்கள், "விழுந்திடுச்சு போல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

விஷயம் அதற்குச் சில வருடங்கள் முன்பு தொடங்கியது. கண்ணாடிக்காரரின் மனைவி கணக்கு டீச்சர். அவருக்கு வயிற்றில் ஒரு கட்டி வந்து, அறுத்து எடுக்கவேண்டியதாயிற்று. அவர் உள்ளே இருந்தபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர், கடையில் கூடப் பேரம் பேசாதவர், கடவுளிடம் பேரம் பேசினார். இவள் எழுந்து நடந்து வீட்டுக்கு வரட்டும், நான் உயிரோடு இருக்கும்வரை தினமும் வேதம் படிக்கிறேன் என்றார். மனைவி எழுந்தார், நடந்தார், வீட்டுக்கு வந்தார், வந்த அன்றே பரணில் இருந்த தூசியைக் கண்டுபிடித்தார். அந்தத் தூசியில்தான் அவர்கள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த தடித்த வேதப் புத்தகமும் இருந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்காரர் அதைத் துடைத்து, வேண்டுதலைப் பற்றி மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மறுநாள் விடியற்காலையில் முதல் அதிகாரத்தைத் தொடங்கினார்.

ஒரு வாரம் படித்தார். அதற்கடுத்த நாள் கடையில் சரக்கு வந்து இறங்கியது. அதற்கடுத்த நாள் ஜலதோஷம். பிறகு, விட்டது விட்டதுதான், மாதம் பிறக்கட்டும், முதலிலிருந்து ஒழுங்காகத் தொடங்கலாம் என்று முடிவு செய்தார். "அந்த மாசம் இன்னும் பிறக்கலைங்க, வலி எடுத்துக்கிட்டே இருக்கு" என்று கடைக்கு வருகிறவர்களிடம் அவரே சொல்லுவார். எழுத்து மங்குகிறது என்று படிப்பதற்கென்று தனியாக ஒரு கண்ணாடி செய்துகொண்டார். வெளிச்சம் போதவில்லை என்று விளக்கு வாங்கினார். முதுகு வலிக்கிறது என்று சாய்வு நாற்காலி வாங்கினார். அந்த நாற்காலியில் வந்த தூக்கம் அதற்குமுன் அவர் வாழ்க்கையில் வந்ததில்லை. எத்தனை முறை விட்டாலும் மறுபடி முதல் அதிகாரத்திலிருந்தே தொடங்குவார் என்பதால் முதல் நாலைந்து தாள்கள் விரல் பட்டுக் கறுத்துப்போயின, மற்றதெல்லாம் அச்சகத்திலிருந்து வந்த வெள்ளை மாறாமல் இருந்தது. ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஒற்றைக் கண்ணை மூடச் சொல்லி, எழுத்துப் பலகையைக் காட்டி, கடைசி வரிவரைக்கும் படிக்க வைத்து அனுப்புகிற மனிதர் அவர்.

படிக்காத ஒவ்வொரு நாளும் புத்தகம் எடை கூடியது. முதலில் அலமாரிப் பலகை வளைந்தது. கரையான் என்று நினைத்து மருந்து அடித்தார்கள். சாய்வு நாற்காலியில் வைத்தார்கள், கால் முறிந்தது. தரையில் வைத்தபோது டைல்ஸ் விரிசல் விட்டது. சுமை தூக்குகிறவர்கள் நாலு பேர் வந்து கயிறு கட்டி இழுத்துப் பார்த்து, பீரோவாக இருந்தால் தூக்கிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆச்சரியம் என்னவென்றால் தாள்கள் மட்டும் எந்தப் புத்தகத்தின் தாளையும்போல லேசாகப் புரண்டன. உட்கார்ந்து படிக்க எந்தத் தடையும் இல்லை. மனைவியின் ஆறு மாதப் பரிசோதனை நெருங்கும்போது அவர் அரக்கப் பரக்க நாலு நாள் படிப்பார், எடை கொஞ்சம் இறங்கும். டாக்டர் நல்லபடியாகச் சொன்னதும் நிம்மதியாகத் தூங்கிவிடுவார், இறங்கியதற்கு இரண்டு மடங்கு ஏறும். நாங்கள் சிரித்தோம். எங்கள் வீடுகளிலும் அலமாரிகள் லேசாகச் சாய்ந்துதான் இருந்தன, ஆனால் நாங்கள் சுவரின்மேல் பழியைப் போட்டோம்.

புத்தகம் விழுந்த அன்று அவர் கடையை மூடிவிட்டு ஓடி வந்து கீழ்வீட்டு வாசலில் நின்றார். நர்சம்மாவுக்கும் அவருக்கும் நாலைந்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் செய்து கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறங்கியபோது இல்லாத படி ஒன்று தெரிந்து அந்த அம்மா விழுந்தார். கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது, கால்தான் சரியில்லை என்று இவர் சொன்னார். அதோடு சரி.

"சிஸ்டர், மன்னிக்கணும். ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து இப்பவே எடுத்திடறேன்."

"எடுக்க முடிஞ்சிருந்தா மேலேயே எடுத்திருப்பீங்களே" என்றார் நர்சம்மா. "நான் எங்க வச்சு சாப்பிடறது?"

"என்ன செய்யச் சொல்றீங்க?"

"படிங்க. தினமும் காலையில வந்து உக்காந்து படிங்க. எடை குறைஞ்சதும் தூக்கிட்டுப் போங்க. என் மேஜை எனக்கு வேணும்."

மறுநாள் விடியற்காலையில் அவர் குளித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு கீழே இறங்கிப் போனார். நர்சம்மா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார், ஆள் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக. வழக்கம்போல அவர் முதல் அதிகாரத்தைத் திருப்பினார். மாடியிலிருந்து இதே அதிகாரத்தை ஓட்டை இல்லாத காலத்திலேயே பல தடவை கேட்டாயிற்று, கறுக்காத தாளுக்குப் போங்கள் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். அப்படித்தான் அவர் ஒரு வெள்ளைத் தாளை வாழ்க்கையில் முதன்முறையாகப் படித்தார்.

அவர் வராத நாட்களில் மேஜைக் கால்கள் இன்னும் கொஞ்சம் இறங்கும். அப்போது ஓட்டை வழியாக ஒரு ஒட்டடைக் கம்பு மேலே வந்து அவர் கட்டில் காலைத் தட்டும். இவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டால் கம்பு போர்வையையும் இழுக்கும். அவசர வார்டில் வேலை பார்த்த கை அது. கண்ணாடிக்காரர் எழுந்து போவார். போகிற வழியில் மனைவியிடம், "வாரன்ட் வந்திடுச்சு" என்பார். ஓட்டையை அடைக்கக் கொத்தனார் வந்தபோது, வேலை முடியட்டும் என்று நர்சம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.

நடுவில் பெயர்கள் மட்டுமே வருகிற ஒரு நீளமான பகுதி வந்தது. இன்னாருக்கு இன்னார், அவருக்கு இன்னார் என்று பக்கம் பக்கமாகப் போயிற்று. கண்ணாடிக்காரர் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டப் பார்த்தார்.

"எங்க தாவுறீங்க?"

"வெறும் பேருதான் சிஸ்டர். கதை ஒண்ணும் இல்ல."

"வார்டுல காலையில ரவுண்ட்ஸ் போவோம். ஒவ்வொரு கட்டில்கிட்டயும் நின்னு பேரு கூப்பிடுவோம். கதை இருக்கா இல்லையான்னா பாப்போம்? ஒருத்தரையும் விடாம கூப்பிடுங்க."

அவர் ஒவ்வொரு பெயராக நிறுத்திக் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் நர்சம்மா தலையை அசைத்தார், ஆள் இருக்கிறார் என்று குறித்துக்கொள்வதுபோல. அந்தப் பகுதி முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. முடிந்தபோது புத்தகம் வழக்கத்தைவிட நிறைய இளைத்திருந்தது. மேலே கணக்கு டீச்சர் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டே ஓட்டை வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். உச்சரிப்பு தப்பினால் மேலேயிருந்து சரியான உச்சரிப்பு இறங்கி வரும்.

இப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று. அடுத்த பரிசோதனையில் படத்தில் ஏதோ நிழல் தெரிகிறது, இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்ததும் நேராகக் கீழ்வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தார். கடைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை. மத்தியானம்வரை படித்து, தொண்டை கட்டி, சத்தம் வராமல் உதடு மட்டும் அசைந்தது. மனைவியும் நர்சம்மாவும் வந்து நின்றார்கள்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

அவர் சொன்னார். ஆஸ்பத்திரி பெஞ்சில் கொடுத்த வாக்கையும், அதை ஒரு வாரத்தில் கைவிட்டதையும், ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்பும் திருட்டுப் பையனைப்போல நாலு நாள் படித்ததையும் சொன்னார். "நான் படிக்காததாலதான் திரும்பி வருது" என்றபோது அவர் கண்ணாடி முழுக்க நீர் கோத்திருந்தது. அதைக் கழற்றத் தோன்றாமல் அதன் வழியாகவே மனைவியைப் பார்த்தார்.

டீச்சர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ஒரு வாரம் படிச்சீங்க. அப்புறம் வருஷக்கணக்கா படிக்கலை. சரியா?"

"சரி."

"அத்தனை வருஷமும் நான் நல்லாத்தானே இருந்தேன். உங்க படிப்புலதான் என் உசுரு இருந்துதுன்னா நான் எட்டாம் நாளே போய்ச் சேர்ந்திருக்கணும். கணக்கு இடிக்குதே."

நர்சம்மா சிரித்துவிட்டார். "கட்டியை வெட்டினது டாக்டர். காயத்தைக் கட்டினது எங்க ஆளுங்க. உங்க மேல இவ்வளவு பெரிய பொறுப்பை யாரு குடுத்தா கண்ணாடிக்காரரே?"

மறுபடி எடுத்த படத்தில் நிழல் இல்லை. இயந்திரத்தில் தூசி என்றார்கள். அன்று டீச்சர், வேண்டுதல் கணக்கு இதோடு நேராகிவிட்டது, இனிமேல் யாரும் இவரை எழுப்பவேண்டாம் என்று கீழ்வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். மேஜையில் அதற்குள் ஒரு தட்டு வைக்கிற அளவுக்கு இடம் வந்துவிட்டிருந்தது. புத்தகத்தை இரண்டு கையாலும் தள்ளினால் நகர்ந்தது.

மறுநாள் விடிந்தது. கண்ணாடிக்காரர் போர்வைக்குள் விழித்துக்கொண்டு கிடந்தார். கம்பு வருமென்று காத்திருந்தார். வரவில்லை. புரண்டு படுத்தார். தூங்குவதற்கு இனி எந்தத் தடையும் இல்லை, ஆனால் தூக்கத்தைக் காணவில்லை. பயம் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்; அங்கே வேறு ஏதோ இருந்தது. முந்தின நாள் படிக்கும்போது பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் ஒரு கூட்டத்தை நிறுத்திவிட்டு வந்திருந்தார். அவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. எழுந்து, முகம் கழுவி, கீழே போய்க் கதவைத் தட்டினார்.

"கம்பு வரலையே" என்றார்.

"டீச்சர் வேண்டாம்னுட்டாங்க. உங்க வேண்டுதல் தீந்துபோச்சாமே."

"தீந்துபோச்சு." அவர் வாசலிலேயே நின்றார். "அந்த ஆளுங்களை நேத்து பாதியில விட்டுட்டு வந்துட்டோம்."

நர்சம்மா கதவை அகலமாகத் திறந்தார். அவருடைய நாற்காலி ஏற்கெனவே மேஜைக்கு எதிரே போடப்பட்டிருந்தது.

அதற்குப் பிறகு வருடங்கள் வேகமாகப் போயின. புத்தகம் கடைசித் தாளுக்கு வந்து மறுபடி முதல் தாளுக்குப் போயிற்று. இந்த முறை முதல் அதிகாரம் அவருக்குப் புதிதாக இருந்தது. ஒரு கையால் தூக்குகிற எடைக்கு வந்ததும் அதை மாடிக்கு எடுத்துக்கொண்டு போனார், நர்சம்மா முதலில் சொன்னபடி. மறுநாள் காலையில் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். அதன்பிறகு எடுத்துப் போகவில்லை. டீச்சர் பணி ஓய்வுபெற்று, தானும் இறங்கி வந்து உட்கார்ந்தார். எங்களில் சிலர் கடைக்குப் போய், இந்தப் பழக்கத்தை எப்படி உண்டாக்கிக்கொண்டீர்கள் என்று மரியாதையாகக் கேட்டோம். "பெரிசா ஒண்ணும் இல்லைங்க. வீட்டுத் தரை உடையணும். கீழ்வீட்ல கோவக்காரங்க யாராவது இருக்கணும்" என்றார். எங்களில் ஒருவர் அதை நம்பி வீடு மாற்றினார்.

எடை குறைவது மட்டும் நிற்கவில்லை. புத்தகம் வைக்கோலைப்போல ஆயிற்று, பிறகு இறகைப்போல. ஒருநாள் படித்து முடித்து மூடியதும் மேஜையைவிட்டு எழும்பி, மின்விசிறிக்குக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி, ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. மருந்துக்கடைக்கு மேலேயும் பள்ளிக்கூடத்துக்கு மேலேயும் அது பறந்துபோனதைப் பார்த்தவர்கள் உண்டு. கண்ணாடிக்காரர் தெருமுனைவரை ஓடினார். திரும்பி வந்து, இத்தனை வருடம் கழித்துத் தனக்கு ஒரு நல்ல சாக்கு கிடைத்திருக்கிறது என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மறுநாள் அதே நேரத்துக்குப் புத்தகம் இல்லாமலே மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள், வேறு என்ன செய்வதென்று தெரியாததால். கொஞ்ச நேரத்தில் அது ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மேஜைமேல் இறங்கி, முந்தின நாள் விட்ட பக்கத்தில் விரிந்துகொண்டது.

"நான் எங்க பழகினேன்? அதுதான் பழகிடுச்சு" என்றார் கண்ணாடிக்காரர்.

அன்றிலிருந்து பகலெல்லாம் அது எங்கே போகிறதென்று யாரும் கேட்பதில்லை. விடியற்காலையில் நர்சம்மா மறக்காமல் ஜன்னலைத் திறந்துவைப்பார். மழை நாட்களில் கொஞ்சம் பிந்தி வரும், ஓரம் நனைந்திருக்கும். நேற்றும் அப்படித்தான். டீச்சர் டீ ஊற்றிவிட்டு இரண்டு தடவை தெருவை எட்டிப் பார்த்தார். அது வந்து இறங்கியதும் நர்சம்மா, "லேட்டு" என்றார். கண்ணாடிக்காரர் லென்ஸ் துடைக்கிற துணியால் அட்டையில் இருந்த நீரை ஒற்றி எடுத்து, தம் கண்ணாடியையும் ஒருமுறை துடைத்துப் போட்டுக்கொண்டு, படிக்கத் தொடங்கினார்.