மாமனாரின் இடது கண்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு சொல் பிசகினாலும் சொன்ன நாக்கு சாகும்வரை உப்புச் சப்பு அறியாமல் போகட்டும். இதற்குமேல் சத்தியம் செய்யக் கைவசம் வேறு உறுப்பு இல்லை.

அந்தப் போட்டோ ஸ்டுடியோக்காரரை எல்லோரும் ‘மசமச’ என்றே கூப்பிட்டார்கள். அவர் எடுத்த படத்தில் ஆள் தெரிவார். எந்த ஆள் என்பதில்தான் தகராறு வரும். இரட்டைப் பிள்ளைகள் ஒருமுறை படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டில் அதைப் பார்த்த தாய், மீதி இரண்டு பேர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டாளாம்.

குற்றத்தில் கேமராவுக்கும் பங்கு உண்டு. கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல் தனி, படம் பிடிக்கும் லென்ஸ் தனி என்று இருக்கிற பழைய வகை அது. ஜன்னலின் நடுவே சின்னதாக ஒரு கட்டம். அதற்குள் எதிரே இருப்பவர் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருகி இருவரையும் ஒருவராக்கிவிட்டால் ஃபோகஸ் சரி. மசமச மூக்குக்கண்ணாடி போட்டவர். கண்ணாடியோடு பார்த்தாலும் படத்தின் நான்கு ஓரமும் தெரிய வேண்டும் என்று, எதையும் பாதியாகச் சிறுக்கவைத்துக் காட்டும் ஜன்னலாகப் பார்த்து வாங்கியிருந்தார். ஓரமெல்லாம் ஜோராகத் தெரிந்தது. நடுவில் இருந்த மனிதர்தான் கடுகாகிப் போனார். கடுகு ஒன்றா இரண்டா என்று யார் கண்டது?

ஸ்டுடியோ நடந்த முன்னறை மசமசவின் மாமனாருடையது. அதில் சலூன் வைக்க வேண்டும் என்று மச்சினன் வெகுநாளாக அடி போட்டுக்கொண்டிருந்தான். அதற்கு வாகாக, மாமனாரை மசமச எடுத்த படத்தில் காது மட்டும் மடிப்பு மடிப்பாகத் துலங்க, முகம் பஞ்சு மிட்டாய் ஆகிவிட்டது. மாமனார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாப்ள, இன்னொரு தடவை உக்கார்றேன். என் கண்ணு எனக்குத் தெரியணும். தெரியலன்னா ரூம் இவனுக்கு. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது.”

மசமச கேமராக் கடைக்கு ஓடினார். ஜன்னலின் மேல் திருகி மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடிகள் அங்கே இருந்தன. பெரிதாகத் தெரியத் தெரிய ஓரம் காணாமல் போகும், படத்துக்குள் என்னென்ன விழுகிறது என்றே தெரியாது, ஒன்று போதும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். ரூம் போகப்போவது கண்ணாலா ஓரத்தாலா என்று திருப்பிக் கேட்டுவிட்டு, இருந்த அத்தனையையும் வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாகத் திருகினார் மசமச.

“என்னங்க, கேமராவுக்குக் கொம்பு முளைச்சிருக்கு” என்றாள் மனைவி. ஸ்டுடியோவின் இருட்டறை வேலையெல்லாம் அவள் பொறுப்பு.

படம் எடுக்கும் நாளும் வந்தது. விழியை அசைக்கக் கூடாது என்ற உத்தரவின்பேரில் மாமனார் சிலையாக உட்கார்ந்தார். ஓரமாக நின்றுகொள்வதாக மச்சினன் வாக்குக் கொடுத்தான்.

மசமச கொம்பில் கண்ணை வைத்தார். முதலில் ஒரு புதர் தெரிந்தது, அது புருவம். கொஞ்சம் இறக்கினார். தென்னந்தோப்பு மாதிரி இமை முடி. அதையும் தாண்டினால் கருவிழி. கருவிழியில் எதிரே இருந்த ஜன்னல், ஜன்னலில் தெரு, தெருவில் இரண்டு தபால்காரர்கள். வளையத்தைத் திருகத் திருக இரண்டு தபால்காரரும் நெருங்கி வந்து ஒரே தபால்காரர் ஆனார்கள். அவர் கையிலிருந்த கடிதத்தின் விலாசம்கூடப் படிக்க முடிந்தது. அது எதிர்வீட்டுக் கடிதம் என்று இருந்த இடத்திலிருந்தே மசமச குரல் கொடுக்க, தபால்காரர் நன்றி சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தார். அந்த நொடியில் பொத்தானை அமுக்கினார்.

சாயங்காலம் மனைவி ஈரப் படத்தைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாள். மாமனாரின் இடது கண், இமை முடியை எண்ணிவிடலாம் போலப் பளிச்சென்று இருந்தது. ஆனால் படத்தின் இடது ஓரத்தில் அந்தக் கண்ணும் அரை முகமும்தான். மீதி இடம் முழுவதும் மச்சினன். வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, கேமராவிலிருந்து அப்பாவின் நாற்காலி இருந்த அதே தூரத்தில் நின்று சுவரை டேப்பால் அளந்துகொண்டிருந்தான். டேப்பின் எண்கள்கூடத் துல்லியம். சுவரில் மாமனாரின் தலைக்கு நேர்மேலே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

மாமனார் படத்திலிருந்து கண்ணை எடுத்து மகனைப் பார்த்தார்.

“ஏன்டா, நான் உக்காந்திருக்கும்போதே அளந்துட்டியா?”

“சும்மாப்பா. எவ்ளோ பெரிய ரூம்னு ஒரு ஆசை.”

“என் தலைக்கு மேல எதுக்குடா குறி?”

“சலூன் கண்ணாடி மாட்டத்தான்… அப்பா, அவர் எடுத்த லட்சணத்தப் பாருங்க. உங்க பாதி மூஞ்சியக் காணோம்.”

“மூஞ்சியா கேட்டேன்? கண்ணு தெரியணும்னேன். தெரியுது. உன் கண்ணு எங்க இருக்குங்கறதும் சேத்துத் தெரியுது.”

ரூம் மாப்பிள்ளைக்கே என்று அங்கேயே முடிவானது. ஓரத்தில் அவன் நிற்பது உங்களுக்குத் தெரியுமா என்று மனைவி பிறகு தனியாகக் கேட்டாள். மசமச மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி முனையால் நிதானமாகத் துடைத்தார்.

“ஓரமும் முக்கியம்தான்” என்றார்.

அந்தக் கேமரா இன்றும் ஸ்டுடியோ அலமாரியில் இருக்கிறது. வாங்கிய அன்றே லென்ஸின்மேல் இறுகிப்போன மூடியை இதுவரை யாராலும் கழற்ற முடிந்ததில்லை.