மாமாவின் நாற்காலி உயரம்

என் மனைவி இறந்து ஏழு மாதம். மகளைப் பைக்கில்தான் பள்ளிக்குக் கூட்டிப்போகிறேன். இரண்டு முறை மழையில் நனைந்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் முறை மாமனார் போன் செய்தார்.

"அடுத்த மாசம் குட்டியை இங்க கூட்டிட்டு வந்துடறேன் மாப்பிள்ளை. ஒண்டி ஆளா உங்களால முடியாது."

"நீங்க இங்க வந்து எங்களோட இருங்களேன் மாமா."

"வாரம் ரெண்டு நாள் பிசியோதெரபிக்குப் போகணும். என் இடுப்பு உங்க பைக்ல ஏறுமா? ஆட்டோல குலுங்கினா உயிரே போகுது."

அவருக்கு இடுப்பு மூட்டு மாற்றி ஓராண்டு ஆகிறது. அவர் இருக்கும் மகன் வீட்டில் ஒரே ஒரு நாற்காலியிலிருந்துதான் தானாக எழுவார். யாராவது கை கொடுத்தால் எரிந்து விழுவார். அடுத்த ஞாயிறு அங்கே போனேன். அவர் குளிக்கும் நேரத்தில் அந்த நாற்காலியின் உயரத்தை அளந்துகொண்டேன்.

பழைய கார்கள் விற்கும் இடத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்து இருக்கை உயரத்துக்கு டேப்பைப் பிடித்தேன்.

"சார், கார் வாங்க வந்தீங்களா, கட்டில் வாங்க வந்தீங்களா?" என்றார் விற்பவர்.

செடானில் பள்ளத்தில் இறங்குவது போல உட்கார வேண்டும். பெரிய ஜீப்புக்கு ஏணி வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு சின்ன எஸ்யூவி. நான்கு வருட வண்டி. என் கைக்கு அடங்கிய விலை. எங்கள் சந்தில் திரும்பும். கூட வந்த மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"மூஞ்சி சுமார்தான். ஆனா நடுவழியில விட்டுட்டுப் போகாது."

அது போதும் என்றேன்.

சனிக்கிழமை மகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓட்டிப்போனேன். அவர் கதவைப் பிடித்து, மெல்லத் திரும்பி, முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். தெருமுனை வரை போய்த் திரும்பினோம். இறங்கும்போது அவரால் எழ முடியவில்லை. இரண்டு முறை முயன்றார்.

"எதைப் பார்த்து இதை வாங்கினீங்க?"

"உங்க நாற்காலி உயரம் பார்த்து, மாமா."

"அது மேல போர்வையை நாலா மடிச்சுப் போட்டுல்ல உட்காருவேன்!"

நான் அளந்த அன்று போர்வை துவைக்கப் போயிருக்கிறது.

"தாத்தா மாட்டிக்கிட்டாரு!" என்று மகள் கைதட்டினாள்.

கதவருகில் நின்றேன். மாமா என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"என்ன பார்த்துட்டு நிக்கிறீங்க? இழுங்க."

இழுத்தேன். அவர் பாரம் முழுதும் என் தோளுக்கு வந்தது. நின்ற பிறகும் கையை விடவில்லை.

"படிச்ச மனுஷன் அளந்த லட்சணம்," என்றார். பிறகு வாசலைப் பார்த்து மருமகளிடம் குரல் கொடுத்தார். "என் துணிமணி, மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போடும்மா. நான் குட்டி வீட்டுக்குப் போறேன்."