நாற்பது நிமிஷமும் என் மீசையும்

எங்கள் ஊருக்கும் மலைக்கு அந்தப்பக்கத்து ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், கிலோமீட்டர் சொல்கிறவனை நம்பாதீர்கள். தூரம் என்றால் மணிக்கணக்கு. ஏழு மணி நேரம்; மழை பெய்தால் எட்டு. இருபத்தாறு வருஷமாக அந்த வழியில் பஸ் ஓட்டுகிறவன் சொல்கிறேன்.

அதே இரண்டு ஊருக்கும் நடுவில்தான் என் மகள் விமானம் ஓட்டுகிறாள். இந்த மாதம் அவளைக் கேப்டன் ஆக்கிவிட்டார்கள். சாலையில் முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர், வானத்தில் நூற்றெண்பதுதானாம். "எழும்பினா நாப்பது நிமிஷத்துல இறங்கிடுவோம்ப்பா" என்றாள். நான் சும்மா இருப்பேனா? டிப்போ முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

என் கண்டக்டருக்கு விசில் என்று பட்டப்பெயர். மலைக்கு அந்தப்பக்கத்துக்காரன். மகள் ஓட்டுகிற விமானத்தில் போக நான் எடுத்திருந்த டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு மணி அஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கு. நாப்பதுங்கறது உன் பொண்ணு விட்ட ரீல்" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கதவு சாத்தறது, திறக்கறது எல்லாத்தையும் சேர்த்துப் போட்டிருக்கான்டா! டிப்போவுல டீ குடிக்கிற நேரத்தை நாம ட்ரிப்புல சேர்க்கறமா? சக்கரம் தரையை விட்டதுலேருந்துதான் கணக்கு. நாப்பதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆச்சுன்னா மீசையை எடுத்துடறேன்!"

கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வைத்திருக்கும் மீசை. "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதே உங்களுக்கு" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

விமானத்தில் நானும் மனைவியும் நாலாவது வரிசையில் உட்கார்ந்தோம். சக்கரம் தரையை விட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்து நாலாவது நிமிஷம் கீழே வீட்டுக் கூரைகள் தெரிந்தன. மீசையைத் தடவிக்கொண்டேன். அப்போதுதான் விமானம் சட்டென்று மூக்கைத் தூக்கித் திரும்பியது.

ஒலிபெருக்கியில் என் மகள். "கேப்டன் பேசறேன். ஓடுபாதை மேல மழை கொட்டுது. அது விலகற வரைக்கும் சுத்திக்கிட்டு இருப்போம். நேரமாகும். ஆனா முழுசா கொண்டுபோய்ச் சேர்ப்பேன்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கடைசி இரண்டு வாக்கியமும் என்னுடையவை. மலையில் பனி மூடினால் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு, எழுந்து நின்று நான் சொல்கிற வார்த்தை அப்படியே அதுதான். பள்ளிக்கூட லீவில் என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த கழுதை, காதில் வாங்கி வைத்திருக்கிறாள்!

பின்னாலிருந்து ஒருவர், "பொம்பளைல்ல, இறக்க பயம்" என்று முணுமுணுத்தார்.

"அவசரம்னா இங்கயே இறங்கிக்கோங்க சார்" என்றேன். பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். விமானமே சிரித்தது.

மழை விலகியது. பூ வைத்த மாதிரி இறக்கினாள். அறுபத்தொரு நிமிஷம்.

கதவருகே நின்றிருந்தவள், "லேட்டாயிடுச்சுப்பா" என்றாள். பந்தயத்தை அம்மா அவளிடம் சொல்லியிருப்பாள் போல. கண் என் மீசையில் இருந்தது. அவள் தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில், லீவில் சொந்த ஊருக்கு வந்திருந்த விசில் நின்றிருந்தான். அவன் வாயைத் திறக்குமுன், "அறுபத்தொண்ணு" என்றேன்.

"மழைதானேப்பா, விட்டுடு. மீசையெல்லாம் வேணாம்."

"வேணாமாவது? சலூன் எங்க இருக்கு, காட்டு!"

இப்போது பஸ்ஸில் ஏறுகிற பழைய ஆட்கள் ஒருத்தர் விடாமல் கேட்கிறார்கள், மீசை எங்கே என்று. அதற்காகத்தானே எடுத்தேன்.

"எம் பொண்ணு பிளேனை லேட்டா இறக்கினா" என்கிறேன்.