இளைக்க வைக்கும் தேநீர்

மார்கிலான் நகரச் சந்தையில் மூலிகை விற்கும் முகர்ரமுக்கு விளம்பரப் பலகை எதுவும் தேவைப்படவில்லை. பக்கத்தில் தங்கை சலோமத் உட்கார்ந்திருந்தால் போதும். போன குளிர்காலம்வரை இரண்டு பேர் இடத்தை ஒருத்தியாக அடைத்துக்கொண்டிருந்தவள். இப்போது அவளுடைய பட்டுச் சட்டை தோளில் நிற்க மாட்டேன் என்கிறது.

"இவளப் பாருங்க. எல்லாம் நம்ம தேத்தூள் செஞ்ச வேலை," என்றாள் முகர்ரம். எதிரே நின்றவள், மகன் கல்யாணத்துக்குள் இளைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வந்தவள். முகர்ரம் பொய் சொல்லவில்லை. தன் கையால் இடித்துச் சலித்த தூள் கொழுப்பைக் கரைக்கும் என்று மனதார நம்பினாள். தங்கை இளைக்க இளைக்க அந்த நம்பிக்கை கொழுத்துக்கொண்டே வந்தது.

"காலையில குடிப்பீங்களா, ராத்திரியா?" என்று வந்தவள் சலோமத்தைக் கேட்டாள்.

சாதாத் தேநீர்க் கெண்டி ஒன்றைக் காலி செய்துவிட்டு முலாம்பழத்தைத் தின்றுகொண்டிருந்த சலோமத் சிரித்தாள்.

"நானா? வாயில வைக்க முடியாதும்மா, அவ்வளவு கசப்பு. அக்கா மனசு நோகுமேன்னு வாயத் திறக்கல. எல்லாம் வீட்டுத் திராட்சைக் கொடிக்குத்தான் ஊத்துறேன். அதுவும் இளைக்கக் காணோம்."

முகர்ரமுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அப்புறம் எப்படிடி இப்படி இளைச்ச?"

"யாருக்குத் தெரியும்? நல்லாத்தான் தின்னுறேன். தாகம்தான் தாங்கல. ராத்திரி பூரா எழுந்து எழுந்து போக வேண்டியிருக்கு." சொல்லிக்கொண்டே அக்காவின் கிண்ணத்தையும் எடுத்துக் குடித்தாள்.

அவர்களுடைய அம்மாவும் இப்படித்தான் கூஜா கூஜாவாகத் தண்ணீர் குடித்தாள். அழகாக இளைத்துவிட்டாய் என்று அக்கம்பக்கத்தார் பாராட்டினார்கள். சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது நாள் கடந்துவிட்டது. இத்தனை மாதமும் தங்கையின் நோயைக் காட்டியா கடை நடத்தினோம் என்று நினைத்தாள் முகர்ரம்.

வந்தவள் கையில் கொடுத்திருந்த தேத்தூள் பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அப்ப இது இளைக்க வைக்காதாக்கா?"

"தெரியலம்மா."

அந்தக் கடையில் முகர்ரம் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. ஆனால் அடுத்ததைச் சொல்லும்போது அவள் குரலில் தடுமாற்றம் இல்லை.

"எழுந்திருடி. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"கடைய யாரு பாப்பா?"

"கடை எங்கயும் ஓடிப் போகாது. வா."

கையைப் பிடித்து இழுத்தாள். முன்பெல்லாம் சோப்புப் போட்டாலும் கழலாத தங்கையின் வெள்ளி வளையல் மணிக்கட்டில் வழுக்கி, விரல்களைத் தாண்டி முகர்ரமின் உள்ளங்கைக்குள் வந்து விழுந்தது. அவள் அதையும் தங்கையின் கையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி நடந்தாள்.