கொடையும் குடையும்

பத்தாவதில் இருக்கிற பாடங்களிலேயே தமிழ்ப் பரீட்சையைத்தான் கரீமா ரொம்பச் சந்தோஷமாக எழுதினாள். கணக்கில் பாஸ், ஆங்கிலத்தில் பாஸ், அறிவியலில்கூடத் தட்டுத்தடுமாறிப் பாஸ். தமிழில்தான் கோட்டை விட்டாள். அதுவும் எப்படி? கட்டுரைக் கேள்வியில் 'கொடையின் சிறப்பு' என்று கேட்டிருந்தார்கள். இவள் குடையைப் பற்றி நான்கு பக்கம் எழுதிவிட்டு வந்துவிட்டாள்.

சிரிப்பதற்கு முன்னால் அவள் பக்க நியாயத்தையும் கேளுங்கள். அவள் வீட்டுக்காரர் அன்வருதீனுக்குப் பெரிய மார்க்கெட் ஓரத்தில் குடைக் கடை. குடை, ரெயின்கோட்டு, ஸ்கூல் பை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எழுந்தால் கொட, உட்கார்ந்தால் கொட. பாண்டிச்சேரியில் யார் வாயிலும் குடை என்று வராது, கொட என்றுதான் வரும். அள்ளிக் கொடுப்பவரைத் தர்மம் பண்றவர் என்பார்களே தவிர, கொடை என்ற சொல்லை எந்தத் தெருவில் யார் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள்? கேள்வித்தாளில் அதைப் பார்த்ததும், 'அல்லா, நம்ம கொடயப் பத்தியே கேட்டுட்டாங்களே!' என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டன் குடை, மூன்றாக மடிக்கிற குடை, கம்பி முறிந்தால் எப்படி மாற்றுவது என்று ஒன்று விடாமல் எழுதினாள். நனைந்த குடையை நிழலில்தான் காயவைக்க வேண்டும் என்று கடைசியில் அறிவுரை வேறு.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது இதைப் பெருமையாகச் சொன்னாள். பதினொன்றாவது படிக்கிற மகள் ஸமீஹா, எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள்.

"அம்மா, அது கொட இல்லம்மா. கொடை. வள்ளல்லாம் குடுப்பாங்கல்ல, அந்தக் கொடை."

"அப்ப நம்ம கொட?"

"அதுக்கு கு போடணும்மா."

அன்வருதீன் புரையேறும் வரை சிரித்தார். முடிவு வந்தபோது பாஸுக்கு இரண்டு மார்க் குறைந்திருந்தது.

அவர் கெட்ட மனிதரில்லை. நல்ல கதை ஒன்று கிடைத்தால் அதை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது, அவ்வளவுதான். டீக்கடையில் சொன்னார், மூட்டை தூக்குகிறவர்களிடம் சொன்னார், கடைக்கு எதிரே பூக்கட்டும் வீராயியிடமும் சொன்னார். மறுவாரம் கரீமா மார்க்கெட் பக்கம் போனபோது வீராயி கூடைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"இன்னா கொட ஆயா, சௌக்கியமா?"

ஆயா என்றது கேலிக்காக மட்டும் இல்லை. நெல்லித்தோப்பு பால்வாடியில் கரீமாவுக்கு ஆயா வேலை. பிள்ளைகளுக்குக் கால் கழுவி, சோறு ஊட்டி, தூங்கவைத்து, பெருக்கித் துடைக்கிற வேலை. நம் ஊரில் பாட்டியையும் ஆயா என்றுதானே கூப்பிடுவார்கள். முப்பத்தேழு வயதில் ஒரு கூடம் நிறைய பேரப்பிள்ளைகள் அவளுக்கு. பால்வாடியின் பாக்கியலட்சுமி டீச்சர் வருஷக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவர் கரீமாவிடம் பட்டென்று சொல்லியிருந்தார்.

"பத்தாவது பாஸ் பண்ணிட்டு வா, என் எடத்துக்கு உன் பேரத்தான் எழுதி அனுப்புவேன். இல்லன்னா வேற யாராச்சும் வருவாங்க. நீ இப்படியே பெருக்கிக்கினு இருக்க வேண்டியதுதான்."

கரீமா பள்ளிக்கூடத்தை விட்டதே ஒரு அநியாயம். பொதுத்தேர்வு நெருங்கும்போது அவள் அம்மா படுத்த படுக்கையானாள். அடுத்த வருஷம் எழுதிக்கலாம் என்றார்கள். அடுத்த வருஷம் கல்யாணம். பிறகு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை. அந்த நாட்களில் படிப்பு என்ற பேச்சையே அவள் மறந்துபோனாள். அப்புறம் ஸமீஹா பிறந்தாள். மகளுக்குப் பாடம் சொல்லித்தர அவளுடைய பாடப்புத்தகத்தைப் புரட்டியபோதுதான், நின்ற இடம் கரீமாவுக்கு ஞாபகம் வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே படித்து, தனித்தேர்வராகப் பரீட்சை எழுதினாள். இவ்வளவு தூரம் வந்து ஒரு எழுத்து காலை வாரிவிட்டது.

"துணைத்தேர்வு எழுதப் போறேங்க" என்றாள் கணவரிடம்.

கடையில் குடைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. "வுடு கரீமா. மார்க்கெட்டே சிரிக்குது."

"மார்க்கெட்டுக்கு யாரு சொன்னா?"

அன்வருதீன் திரும்பினார். கையிலிருந்த குடையை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"நான் எழுதின கட்டுரயப் படிச்சவரு எனக்கு முட்டை போட்டாரு, அதோட வுட்டாரு. நீங்கதான் ஊரக் கூட்டி வாசிச்சுக் காட்டுனீங்க. எனக்கு அதுதாங்க வலிச்சுது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு மார்க்கு. இருவது வருஷத்தத் தாண்டி வந்துட்டேன், ரெண்டு மார்க்கத் தாண்ட மாட்டனா?"

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். வாயில் வருகிற ஒவ்வொரு சொல்லையும் பிடித்து நிறுத்தி, இது எழுத்தில் எப்படி வரும் என்று விசாரித்தாள். பால்வாடியில் பிள்ளைகள் தூங்கும்போது கரும்பலகையில் எழுதிப் பார்ப்பாள். எல என்றால் இலை. வெரல் என்றால் விரல். ஒலக்க என்றால் உலக்கை. மொளகா என்றால் மிளகாய். 'ஒன்ன சொல்றது, வேற ஒன்ன எழுதறது, இதுக்குப் பேருதான் படிப்பா?' என்று எரிச்சல் வரும். துடைத்துவிட்டு மறுபடி எழுதுவாள்.

இதில் சூடுகண்ட பூனையாகி, சரியாக இருப்பதையும் திருத்த ஆரம்பித்தாள். சுதந்திர தின விழாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி மகளிடம் நீட்டினாள். ஸமீஹா படித்துக்கொண்டே வந்தவள் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"அம்மா! 'தலைமையாசிரியர் தேசியக் குடியை ஏற்றினார்'னு எழுதியிருக்கியே! கொடிம்மா, கொடி!"

கரீமா தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நம்ம ஊருக்கு அதுவும் சரியாத்தான் இருக்கு, போடீ" என்றாள். உள்ளே இருந்த அன்வருதீனுக்கும் காதில் விழுந்தது. ஆனால் இந்தக் கதை வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

வள்ளல்களைப் பற்றி ஸமீஹா சொல்லித்தந்தபோது கரீமா குறுக்குக் கேள்வி கேட்டாள். "முல்லைக்குத் தேரு குடுத்தாரு, சரி. மயிலுக்குப் போர்வ எதுக்கு? நம்மளக் கேட்டிருந்தா ஒரு கொட குடுத்திருப்பமே."

"இதெல்லாம் பரீட்சையில எழுதிடாதம்மா. கேள்வில 'அல்லது' போட்டு ரெண்டு குடுப்பாங்க. கொடை வந்தா அது பக்கமே போவாத. மரம் வளர்ப்போம் உனக்கு மனப்பாடம், அத எழுதிட்டு வா."

துணைத்தேர்வு அன்று காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. அன்வருதீன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். முன்னால் ஒரு பெரிய மூட்டை. கடைக்கு எடுத்துப் போகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டு கரீமா பிஸ்மில்லா சொல்லி உள்ளே போனாள்.

கட்டுரைக் கேள்வி வந்தது. மரம் வளர்ப்போம், அல்லது, கொடையின் சிறப்பு. பழைய கேள்வி திரும்ப வருவது வழக்கம்தான். மரத்தின் கேள்வி எண்ணைப் போட்டாள். முதல் வரியும் மனதில் ஓடியது. அப்புறம் பேனாவை நிறுத்தினாள். மரத்தை எழுதிப் பாஸானால், ஆயுசு முழுக்க கொடையைக் கண்டு ஒதுங்கிப் போனவள் ஆகிவிட மாட்டாளா? எதனிடம் தோற்றாளோ அதனிடம்தான் ஜெயிக்க வேண்டும். அந்த எண்ணை அடித்துவிட்டாள். 'கொடையின் சிறப்பு' என்று தலைப்பிட்டு, கொ-வை இரண்டு தடவை சரிபார்த்தாள்.

தேர் கொடுத்தவரை எழுதினாள், போர்வை கொடுத்தவரை எழுதினாள். முடிவுரைக்கு வந்ததும் ஒன்றும் ஓடவில்லை. நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். வெளிக்கதவுக்கு அப்பால் நிழலே இல்லாத தெரு. தேர்வு எழுதுகிறவர்களுக்குத் துணையாக வந்தவர்கள் அங்கேதான் காத்திருந்தார்கள். கைப்பிள்ளையோடு ஒரு பெரியம்மா, கட்டுப் போட்ட காலோடு ஒருவர், இன்னும் பலர். அவர்கள் தலைக்கு மேலெல்லாம் புதுக் குடைகள் விரிந்திருந்தன. மூட்டை பிரிந்து கிடந்தது. அன்வருதீன் ஒவ்வொரு குடையாக விரித்து நீட்டிக்கொண்டிருந்தார். பில் போடாமல் ஒரு குடையை விரிக்க விடாத மனுஷன். கடைசியில் தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றார். அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. தெரிந்ததைச் செய்துகொண்டிருந்தார். கரீமாவுக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஜன்னல் ஓரத்திலேயே வடிந்துவிட்டது.

அவள் குனிந்து எழுதினாள். 'வெயிலில் நிற்பவருக்குக் குடை கொடுப்பதும் கொடையே.' ஸமீஹா பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும். இந்தத் தடவை குடை தெரிந்தே வந்த குடை. கு ஒரு இடத்தில், கொ ஒரு இடத்தில். இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தாளைக் கொடுத்தாள்.

முடிவு வந்தது. தமிழில் பாஸ். சும்மா ஒட்டிக்கொண்டு வந்த பாஸ் இல்லை, நல்ல மார்க். பாக்கியலட்சுமி டீச்சர் அன்றைக்கே அவள் பெயரை எழுதி அனுப்பினார். கரீமா மிட்டாய் வாங்க மார்க்கெட்டுக்குப் போனபோது, வீராயி பூத்தொடுப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"இன்னா கொட ஆயா, இன்னா ஆச்சு?"

கரீமா பதில் சொல்வதற்குள் எதிர்க் கடையிலிருந்து மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி அன்வருதீன் கத்தினார்.

"ஆயா இல்ல வீராயி. டீச்சரு!"

"அட்றா சக்க!" வீராயி ஒரு முழம் மல்லியை அறுத்துக் கரீமாவின் கையில் வைத்தாள். "அப்ப இனிமே கொட டீச்சரா?"

"பேசும்போது கொடன்னே கூப்புடுக்கா" என்றாள் கரீமா. "எழுதும்போது மட்டும் மறக்காம கு போட்டுடு."