வேலுமணியின் வலது காலடி

1

இந்தக் கதையை நானாக எழுத ஆரம்பிக்கவில்லை. எழுதச் சொன்னது காளியாத்தாள். அவள் புருசன் வேலுமணியின் கருமாதி அன்று, வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"கதிரேசா, நீதான் எழுத்துக் கத்துக்கிட்டவன். உங்கண்ணனைப் பத்தி எதாச்சும் எழுதிப் போடு. போட்டோவுல பார்த்தா அவரு யாரோ மாதிரி இருக்காரு."

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. தடாகம் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு செங்கல் காளவாயில், ஒரே குழியில், பதினோரு வருசம் அவரும் நானும் மண் மிதித்தோம். எனக்கு எழுத்து முப்பத்தாறு வயதில் வந்தது, அறிவொளி வகுப்பில். இன்னும் ஒரு பக்கம் எழுதினால் இடுப்பு வலிக்கிறது. மூன்று முறை ஆரம்பித்தேன்.

[வேலுமணி ஒரு நல்ல உழைப்பாளி. — அடித்துவிட்டேன். காளவாயில் உழைக்காத ஆள் முதலாளி வீட்டு நாய் மட்டும்தான்.]

[1994ஆம் வருசம், தை மாதத்தில் ஒரு காலை, சூரியன் மலைக்குப் பின்னால் — மலை மேற்கே இருக்கிறது. சூரியன் அங்கிருந்து எப்படி வரும்?]

[வேலுமணிக்குக் கால் வலிக்கவில்லை.]

இதை அடிக்கவில்லை. இதுதான் கதை.

2

மண்ணைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, முழங்கால் சேற்றில் இறங்கி மிதிக்க வேண்டும். அப்போது சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக் கல், காலில் தட்டுப்படும். அதை எடுக்காமல் விட்டால் செங்கல் வெந்து அழகாகத்தான் வரும். முதல் மழை பட்டதும் வெடிக்கும். யார் வீட்டுச் சுவரிலோ வெடிக்கும்.

மிளகளவு சுக்கான்கல் இருந்தாலும் வேலுமணியின் உள்ளங்கால் கண்டுபிடித்துவிடும். கால்விரலிலேயே இடுக்கி, குனியாமல், குழிக்கு வெளியே வீசுவார். அது போக, நான் மிதித்துத் தாண்டிப்போன கல்லும் அவருக்குத் தெரியும்.

"கண்ணு, உங்காலு இன்னும் தூங்குதா? இப்பத்தான் ஒண்ணு உனக்குக் கும்பிடு போட்டுச்சு, பாக்காமப் போறே."

மிதிக்கிற நேரமெல்லாம் பேச்சுதான். கல்யாணமான புதிதில் சென்னிமலைக்குப் போய், அடிவாரத்தில் விட்ட செருப்புக் காணாமல் போன கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அத்தனை படியும் ஏறி இறங்கி வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்ததும், காளியாத்தாள் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்ததும், அதில் அவர் பெருவிரல்கூட நுழையாததும். நூறாவது தடவையும் நான் சிரித்தேன். இப்போது அந்தக் குழி இருந்த இடத்தில் கோரைப்புல் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் என் கால் தானாக மெதுவாகிறது.

[இங்கே பாட்டு ஒன்று சேர்க்க நினைத்தேன். அவர் பாடமாட்டார். சேர்க்கவில்லை.]

3

1993 ஐப்பசி மழையில் எங்கள் குழி மண்ணில் அறுத்த செங்கல் வெடிக்க ஆரம்பித்தது. வேலுமணியின் கால் தப்பவிட்டது என்று யாரும் நினைக்கவில்லை. என்னைத்தான் சொன்னார்கள்.

"கதிரேசனுக்கு எழுத்து மண்டைக்கு ஏறினதுல காலு மறந்துபோச்சுங்க" என்று களத்தில் ஒரே சிரிப்பு. நானும் அப்படித்தான் நம்பினேன்.

வேலுமணிக்குச் சர்க்கரை இருந்தது. ஆறேழு வருசமாக. "நமக்கெல்லாம் சக்கரை வருதுன்னா வசதி வந்துருச்சுன்னு அர்த்தம்டா" என்பார். ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவார்.

தை மாதம் அவர் வலது கால் வீங்கியது. சிவந்து, தொட்டால் சுட்டது. வலி மட்டும் இல்லை. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, எலும்பெல்லாம் சரியாக இருக்கிறது, கிருமிதான் என்று மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் குழியில் இறங்கிவிட்டார்.

காளியாத்தாள் கத்தினாள். "ரெண்டு நாளைக்குப் படுங்களேன். மண்ணு எங்கயும் ஓடிராது."

"வலிச்சா படுக்கலாம் அம்மணி. வலிக்காமப் படுத்தா ஊரு என்ன பேசும்? கள்ளம்பாங்க."

(வாசிக்கிற நீங்கள் அவரைத் திட்ட வேண்டாம். காளவாயில் எங்களுக்கு இருந்த ஒரே டாக்டர் வலிதான். அது படு என்றால் படுப்போம். அது வாயைத் திறக்காவிட்டால் எழுந்து போவோம்.)

4

அடுத்து வருவது, நான் முதலில் எழுதியபடியே:

மாசியில் ஒரு காலை. காளியாத்தாள் கம்பஞ்சோற்றுத் தூக்கோடு களத்துக்கு வந்தாள். குழியிலிருந்து வரும் வழியில் ஈரமண்ணில் காலடிகள் கிடந்தன. காளவாயில் யார் காலடி எது என்று எல்லாருக்கும் தெரியும். வேலுமணியின் பாதத்துக்கு உள்பக்கம் நல்ல வளைவு. தடத்தின் நடுவே மண் தொடாத இடத்தில் ஒரு எலுமிச்சம்பழம் உருளலாம். இடது தடம் அப்படியேதான் இருந்தது. வலது தடத்தில் வளைவைக் காணோம். அறுத்து வைத்த பச்சைச் செங்கல் மாதிரி முழுசாகப் பதிந்திருந்தது. காளியாத்தாள் பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் போனாள்.

கடைசி வரியை எழுதிவிட்டு இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

5

வைகாசியில் சர்க்கரை மாத்திரை தீர்ந்து, வேலுமணி ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். அங்கே நர்ஸ் மெர்சி இருந்தாள். (மெர்சியைக் கதைக்காக நல்லவளாக்கிவிட்டேனோ என்று ஒரு சந்தேகம். இல்லை. வரிசையில் முந்தியதற்கு அன்றைக்கு என்னைக் கிழித்துத் தொங்கப் போட்டாள்.)

"ஏனுங்க, கால்ல சோடா மூடி குத்தி நிக்குது. அதோட நடந்தா வந்தீங்க?"

வேலுமணி காலைத் தூக்கிப் பார்த்தார். "அட, ஆமாங்க."

மெர்சி பேனாவை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். மூடியைப் பிடுங்கி எறிந்து, இரண்டு பாதத்திலும் புறங்கையை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

"இது அடுப்பாட்டம் சுடுது. அது சில்லுனு இருக்குது. ரெண்டும் உங்க காலு தானுங்களா?"

"ஒண்ணு முதலாளியோடதுங்க அம்மணி. கேட்டா குடுத்தரலாம்."

மெர்சி சிரிக்கவில்லை. "எத்தனை மாசமா இப்படி?"

"நாலு மாசம் இருக்குமுங்க. ஆனா வலியே கெடையாதுங்க."

"அதுதானுங்க சீக்கே."

மறுபடி படம் எடுத்தார்கள். காளவாய் ஓரத்தில் கொட்டிய உடைகல் மாதிரி இருந்தது உள்ளே. யாரோ வெளிநாட்டு டாக்டர் பேரில் ஷார்க்கோ பாதம் என்கிறார்களாம். மெர்சி சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். சர்க்கரையில் கால் நரம்பு செத்துப்போகிறது. எலும்பு நொறுங்கினாலும் சொல்லுவதற்கு ஆள் இல்லை. ஆள் நடக்க நடக்க இன்னும் நொறுங்குகிறது. ஆரம்பத்தில் எடுக்கிற படத்தில் தெரியாமலும் போகும். வீக்கமும் சூடும்தான் அடையாளம். வளைவு விழுவதற்கு முன்னால் மாவுக்கட்டுப் போட்டு, ஊன்றாமல் மாசக்கணக்கில் வைத்திருந்தால் கால் தன் உருவத்திலேயே கூடியிருக்கும்.

மாவுக்கட்டு வைகாசியில் போட்டார்கள். வளைவு அதற்குள் விழுந்து, பாதம் பரிசல் அடி மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதில் புண் வந்தது. அடுத்த வருசம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பார்க்கப் போனபோது போர்வையைக் காட்டிச் சொன்னார்: "கதிரேசா, இப்ப வலிக்குதுடா! காலே இல்ல, வலிக்குது பாரு." சந்தோசமாகத்தான் சொன்னார். 1997 ஆடியில் போய்விட்டார்.

6

எழுதினதைக் காளியாத்தாளிடம் படித்துக் காட்டினேன். அவள் இப்போது கிணத்துக்கடவில் தங்கச்சியோடு இருக்கிறாள், கொப்பரைக் களத்தில் வேலை. தேங்காய்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். செருப்புக் கதைக்குச் சிரித்தாள். "முதலாளியோடதுங்க" என்ற இடத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவரேதான்டா" என்றாள்.

பிறகு, "அந்தக் காலடி எடத்தை இன்னொருக்கா படி" என்றாள்.

படித்தேன்.

"நானா பார்த்தேன்?"

"கதைக்காக எழுதினது, அக்கா" என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். காகிதத்தை மடித்தேன்.

"எனக்கு ஞாபகமே இல்லையே கண்ணு. ஆனா எழுதியிருக்குதுல்ல. பார்த்திருப்பேன். பார்த்துப்போட்டுச் சும்மா போயிருக்கறேன் பாவி."

அடுத்த தடவை போனபோது தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், தான் மாசியிலேயே பார்த்துவிட்டதை. அன்றைக்குக் கட்டியிருந்த சேலை நிறம்கூடச் சொன்னாள். அதற்கும் அடுத்த தடவை, படிக்கும்போது அந்த வரியை மட்டும் தாண்டினேன். எழுத்துத் தெரியாதவள், கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தாள்.

"ஒரு வரியை முழுங்கிட்டியே கதிரேசா. 'பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் போனாள்.' அதைப் படி. எனக்காவ மறைக்காதே."

7

வேறு முடிவு எழுதிப் பார்த்தேன்.

[மாசியிலேயே மெர்சி வருகிறாள். புறங்கையை வைக்கிறாள். மாவுக்கட்டு. ஆவணியில் வேலுமணி குழியில் இறங்கி —]

ஆனால் மெர்சி மாசியில் எதற்கு வருவாள்? யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு யாராவது பார்த்திருக்க வேண்டும்.

பார்த்தது நான்.

அந்தக் காலையில் காளியாத்தாள் களத்திலேயே இல்லை. அவள் சோறு கொண்டு வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. வேலுமணிக்குப் பின்னால் நடந்து வந்தவன் நான். வலது தடத்தில் வளைவு இல்லாததைக் கண்டு நின்றேன். சுக்கான்கல் தப்புவது யார் காலால் என்பதும் அந்த நிமிசமே தெரிந்துவிட்டது. கூப்பிட்டுக் காட்டியிருந்தால் என் மேல் இருந்த பழியும் போயிருக்கும். ஆனால் சாயங்காலத்துக்குள் குழியை முடிக்க வேண்டும், குழிக்கு இரண்டு பேர் வேண்டும், அவர் போய்விட்டால் நான் ஒருத்தன்தான் மிதிக்க வேண்டும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது அகப்படுமா என்று நாலு வருசம் தேடிவிட்டேன்.

சேறு இளக்கமாக இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அந்தத் தடத்தின் மேல் என் காலை வைத்து மிதித்து அழித்தேன்.

8

நான்காம் பாகத்தை அடித்துவிடலாம்தான். காகிதத்தில் அடித்துவிடலாம். காளியாத்தாளின் தலைக்குள் போன வரியை எந்தப் பேனாவால் அடிப்பது? ஏழாம் பாகத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று ஞாயிறு போனேன். மூன்று தடவையும் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். உங்களில் யாருக்காவது அந்தப் பக்கம் வேலை இருந்தால், உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி, கிணத்துக்கடவில் இறங்குங்கள். குன்றுக் கோயிலுக்குத் தெற்கே தண்ணீர்த் தொட்டி, அதை ஒட்டிக் கொப்பரைக் களம். காளியாத்தாள் என்று கேட்டால் காட்டுவார்கள். முதலில் தண்ணீர் கொடுப்பாள், குடித்துவிடுங்கள். பிறகு ஏழாம் பாகத்தை மட்டும் படித்துக் காட்டுங்கள். யார் எழுதினது என்று கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள்.

அதைக் கேட்டுவிட்டு அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் இந்தக் கதைக்கு முடிவு. ஒன்றும் சொல்லாமல் தேங்காயைத் திருப்பிப் போடப் போய்விட்டாலும் சரி.

மெதுவாகப் படியுங்கள். ஒரு வரியை முழுங்கினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.