நாற்பத்தேழாம் முத்திரை

1953 மார்ச் 14, சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு, சிகாகோவை ஒட்டிய சிசரோவில், செர்மாக் சாலையில் இருந்த காஸிமிர் ஓல்ஷாவின் மதுக்கடையில் ஒரு பிங்கோ சூதாட்ட இயந்திரத்தின் பின்கதவு திறக்கப்பட்டது.

பின்கூடத்தில் காஸிமிரின் பேத்திக்கு ஞானஸ்நான விருந்து முடியப்போகும் நேரம். அழுக்குத் தட்டுகளைச் சுமந்துகொண்டு கழுவுமிடத்துக்குப் போய்க்கொண்டிருந்த வாண்டா அந்தத் திறந்த கதவின் முன்னால் நின்றுவிட்டாள். மூன்று வருடங்களாக அவள் வேலை பார்ப்பது இந்த இயந்திரங்களைச் செய்யும் தொழிற்சாலையில்தான். ஆனாலும் முழு இயந்திரம் ஒன்றின் உட்புறத்தை அவள் பார்த்ததில்லை. நீண்ட மேஜையில் ஆறு பெண்களோடு உட்கார்ந்திருப்பாள். தேநீர்த் தட்டு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டு அவள் முன்னால் வரும். வட்டைச் சுற்றிப் பித்தளைப் புள்ளிகள், பக்கத்தில் இரண்டு காந்தச் சுருள்கள். துணி சுற்றிய வயர்களை நிறப் பட்டியலைப் பார்த்து ஈயம் வைத்துப் பொருத்துவாள். தன் எண்ணையும் தேதியையும் மையில் குத்தி அடுத்தவளிடம் தள்ளுவாள். அது எதற்கு என்று யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. சிகாகோ நகருக்குள் இந்த இயந்திரங்களைச் செய்யலாம், கடையில் வைக்கக்கூடாது. அதனால் எல்லை தாண்டி வந்து சிசரோவில்தான் அவள் இவற்றைப் பார்த்தாள். அதுவும் முன்பக்கத்தை மட்டும். சாய்ந்த பலகையில் இருபத்தைந்து குழிகள், ஐந்து பந்துகள், மேலே விளக்கு எரியும் கண்ணாடியில் எண்கள். மூன்று எண்கள் வரிசையாக எரிந்தால் ஜெயம். ஜெயித்த ஆட்டங்களுக்குக் காஸிமிர் கல்லாவுக்குக் கீழே கைவிட்டுக் காசு கொடுப்பார். பிறகு யாருக்கும் தெரியாத ஒரு பொத்தானை அழுத்தி எண்ணிக்கையை அழிப்பார்.

"என்னம்மா, வேவு பாக்கறியா?" என்றார் காஸிமிர். அவர் வாண்டாவின் கணவனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். "பாரு, நல்லாப் பாரு. உங்க ஆளுங்க செஞ்ச சாமான்தான். ஜனவரியில வந்துச்சு. வந்ததுலேர்ந்து ஒருத்தனுக்கும் ஒண்ணும் குடுக்கல. எதிர்க்கடை செக் நாட்டுக்காரன்கிட்ட இப்ப என் வாடிக்கைக்காரனுங்கதான் உக்காந்திருக்கானுங்க."

"கத்தாதீங்க அண்ணாச்சி. உள்ள புள்ள தூங்குது" என்றான் டெலூக்கா. இந்த வட்டாரத்து இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன் அவன். வாயில் ஒரு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே பேசினான்.

வாண்டா திரும்பிப் பார்த்தாள். கல்லா மேஜையின் மறுகோடியில் அவள் கணவன் ஸெனோன் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான். முதுகு இந்தப் பக்கம். ஆறு நாளாக அவன் இயந்திரத்தில் ஒரு காசுகூடப் போடவில்லை.

ஸெனோன் தொலைபேசித் தொழிற்சாலையில் ரிலே எனும் சின்ன மின்விசைகளைச் சரிபார்ப்பவன். நாளுக்கு நானூறு ரிலே. எது ஒட்டுகிறது, எது தாமதிக்கிறது என்பதை அவன் கண் சொல்லாது, காதுதான் சொல்லும். இரண்டு வருடத்துக்கு முன்பு இதே இடத்தில் இருந்த பழைய இயந்திரத்தில் காசு போடும்போது உள்ளே வழக்கமான மோட்டார் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டதாகச் சொன்னான். நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தான். இயந்திரம் நிறையத் தின்றால் கொஞ்சம் இளகுகிறது, கொடுத்தால் இறுகுகிறது என்றான். வாண்டா சிரித்தாள். அதற்கு வயிறா இருக்கிறது என்று கேட்டாள். ஆனால் அந்த வருடம் அவன் உண்மையிலேயே சிறிதுசிறிதாக ஜெயித்தான். மகள் இர்க்காவுக்கு ஒரு குளிர்கோட்டு வந்தது.

ஜனவரியில் புது இயந்திரம் வந்தது. அதே கணக்கை வைத்து ஆடினான். அது தின்னத் தின்ன, இதோ இளகப்போகிறது என்று இன்னும் போட்டான். பிப்ரவரியில், கல்யாண வீடுகளில் வாசித்துக்கொண்டிருந்த அக்கார்டியனை விற்றான். அன்று வாண்டா பரண்மேலிருந்து துணிப் பெட்டியை இறக்கினாள். இன்னொரு தடவை நடந்தால் இர்க்காவோடு டெட்ராய்ட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். அவன் சத்தியம் எதுவும் செய்யவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் கொண்டுவந்து சமையல் மேஜையில் வைத்தான். "நான் கேட்டது தப்பு, வாண்டா. உள்ள ஒண்ணும் இல்ல. வெறும் குருட்டுப் பொட்டி. நான்தான் முட்டாள்" என்றான். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் அவன் தன்னை முட்டாள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் நோட்டை இழுப்பறையில் துண்டுகளுக்கு அடியில் வைத்தாள். பெட்டி மறுபடி பரணுக்குப் போனது.

டெலூக்கா டார்ச் விளக்கை உள்ளே அடித்தான். "இதோ, இதுதான் இதோட மூளை" என்று ஒரு கறுப்பு வட்டைக் காட்டினான். வாண்டாவுக்கு அந்த வட்டைத் தெரியும். "முன்னாடியெல்லாம் பரிசு ஒரே மாதிரி இருக்கும். கெட்டிக்காரன் வந்தா கடைக்காரன் காலி. இப்பப் பாருங்க, காசு விழ விழ இந்த வட்டு ஒவ்வொரு பல்லா இந்தப் பக்கம் நகரும். நகர நகரப் பொட்டி இளகும். ஜெயிச்சவனுக்குக் குடுத்தா அந்தப் பக்கம் திரும்பும், இறுகிக்கும். நிறையத் தின்னா கொஞ்சம் கக்கும். கடைக்காரனும் பொழைக்கணும், ஆடறவனும் நாளைக்கு வரணும்ல?"

வாண்டா தட்டுகளைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். தின்றால் இளகும், கொடுத்தால் இறுகும். ஸெனோன் சொன்னதிலிருந்து ஒரு சொல் மாறவில்லை. காதால் மட்டும் கேட்டு, இந்தப் பெட்டியைத் திறக்காமலே, அவன் இதைக் கண்டுபிடித்திருந்தான். அதைப் பைத்தியம் என்று அவள் தங்கைக்குக் கடிதம் எழுதியிருந்தாள்.

"அப்ப இது ஏன் கக்கல?" என்றார் காஸிமிர்.

"அதான் புரியல. சுருள் ரெண்டும் வேலை செய்யுது. வட்டு ஒரு கோடியில போய் நிக்குது. எத்தன காசு போட்டாலும் அங்கேயே நிக்குது."

அவன் டார்ச்சைச் சாய்த்தபோது வட்டின் விளிம்பில் நீல மை தெரிந்தது. 47. நவம்பர் 12.

அவள் முதலில் தன் எண்ணைப் பார்த்தாள், பிறகு வயர்களை. மூன்றாவது முனையில் சிவப்பில் வெள்ளைக் கோடு இருக்க வேண்டும், நான்காவதில் வெள்ளையில் சிவப்புக் கோடு. இங்கே மாறி இருந்தது. ஈயம் வழவழவென்று, சுத்தமாக, அவள் வைக்கும் விதத்தில் உருண்டிருந்தது. காசு விழும்போது இளக வேண்டிய பெட்டி ஒவ்வொரு காசுக்கும் இறுகியிருக்கிறது. தொழிற்சாலையில் சோதனைக்கு இருபது ஆட்டம்தான் ஆடுவார்கள். இருபது ஆட்டத்தில் வட்டு எந்தப் பக்கம் போகிறது என்று யாருக்கும் தெரியாது. நவம்பர் 12 என்ன கிழமை என்று யோசித்தாள். அன்று தலைவலியா, யாரோடாவது பேசிக்கொண்டிருந்தாளா, என்ன சமைத்தாள்? ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. மற்ற எல்லா நாளையும் போல ஒரு நாள்.

"என்னம்மா, முகம் வெளுத்துப் போச்சு?" என்றான் டெலூக்கா.

"மூணும் நாலும்" என்றாள். தன் குரல் யாரோ பேசுவதுபோல் இருந்தது. "மாறியிருக்கு."

அவன் குனிந்து பார்த்தான். வாயிலிருந்த ஸ்க்ரூவை எடுத்தான். "அட, ஆமா. உங்களுக்கு எப்படி...?"

அவள் அவனுடைய பெட்டியிலிருந்து ஈயம் உருக்கும் கோலை எடுத்தாள். மின்சாரத்தில் செருகிச் சூடாகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முனைகளையும் பிரித்து, மாற்றி, ஈயம் வைத்தாள். டெலூக்கா அவள் விரல்களைப் பார்த்தான், பிறகு நீல முத்திரையைப் பார்த்தான்.

ஸெனோன் கோப்பையோடு எழுந்து வந்தான். "என்னவாம்? என்ன கோளாறு?"

டெலூக்கா வாயைத் திறந்தான்.

"தூசி" என்றாள் வாண்டா.

உண்மையைச் சொன்னால் அவன் முட்டாள் இல்லை என்றாகிவிடும். முட்டாள் இல்லை என்று தெரிந்தால் நாளை சாயங்காலமே இங்கே வந்து நிற்பான். சொல்லாவிட்டால் அவன் தன்னை முட்டாள் என்றே நினைத்துக்கொண்டு வீட்டில் இருப்பான்.

"தூசிதான்" என்றான் டெலூக்கா, கதவைச் சாத்திக்கொண்டே.

"மூணு மாசமா தூசிக்கா நான் இத்தன பேரை இழந்தேன்!" என்று காஸிமிர் கல்லாவிலிருந்து ஒரு பிடி ஐந்து சென்ட் காசுகளை அள்ளினார். "எங்க, பாப்போம்." ஒவ்வொன்றாகப் போட்டார். மோட்டார் சுழன்றது, விளக்குகள் ஓடின. அதற்கு அடியில், வாண்டாவுக்கே கேட்கும்படி, வட்டு ஒரு பல் நகர்ந்த சின்ன 'டிக்'.

ஸெனோனின் கோப்பை உதட்டுக்குப் பாதி வழியில் நின்றது. தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. காஸிமிர் இன்னொரு காசு போட்டார். இன்னொரு 'டிக்'. ஸெனோன் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. வாண்டாவின் கையைப் பார்த்தான். கட்டைவிரல் நகத்தில் ஒரு துளி ஈயம் ஒட்டியிருந்தது. பிறகு காபியைக் குடித்து முடித்தான். "இர்க்காவுக்குத் தூக்கம் வருது. போலாமா?" என்றான்.

திங்கட்கிழமை காலை வாண்டா மேஜைக்குப் போகாமல் நேராகச் சோதனைப் பிரிவின் மேலாளர் லுண்டிடம் போனாள். நவம்பர் 12 அன்று 47 முத்திரையோடு எத்தனை வட்டுகள் போயின என்று கேட்டாள். அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"பதினெட்டு. எல்லாம் அனுப்பியாச்சு. டென்னசி, லூசியானா. ஒண்ணு மட்டும் பக்கத்துல, சிசரோ. ஏன்?"

"ரெண்டு வயர் மாறியிருக்கலாம். இறுகற பக்கமா ஓடும்."

லுண்ட் பேனாவைக் கீழே வைத்தார். "கடைக்காரங்க யாராச்சும் புகார் சொன்னாங்களா?"

"சிசரோவுல மட்டும்."

"அது?"

"சரி பண்ணியாச்சு."

"அப்ப மத்த பதினேழுக்கும் புகார் இல்ல" என்று பதிவேட்டை மூடினார். "போய் வேலையைப் பாரும்மா."

அன்று மாலை வாண்டா துண்டு எடுக்க இழுப்பறையைத் திறந்தாள். நோட்டு அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. கடைசிப் பக்கத்தில், ரிலே அட்டைகளில் எழுதும் அதே சிறிய, நேரான எழுத்தில் ஒரு புதிய வரி இருந்தது.

மார்ச் 14, மாலை 4.40. திசை மாறியது. தூசி அல்ல.

ஸெனோனின் கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது; அவன் வெளியே போகவில்லை.